உப்புக் காற்றும் சிவப்பு சிலிண்டரும்

குழாயில் வாஷர் தேய்ந்து தண்ணீர் சொட்டினால் யார் மாற்றுவது? குடியிருப்பவர். சுவருக்கு வெள்ளையடிப்பது? வீட்டுக்காரர். ஜன்னலில் கொசுவலை கிழிந்தாலும் கதவுப் பூட்டு பழுதானாலும் செலவு குடியிருப்பவர் தலையில்; சுவருக்குள் ஓடும் மின்கம்பி கெட்டுப்போனால் வீட்டுக்காரர் தலையில். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளை இப்படி இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சர்க்யூட் பிரேக்கர், ஸ்விட்ச், கீசர், வாஷ்பேசின் எல்லாம் அதில் உண்டு. தீயணைப்பான் இல்லை.

விடுபட்டது ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால் வாடகைக் கட்டடங்களில் தொங்கும் சிவப்பு சிலிண்டர் ஆளில்லாத பொருளாகிவிடுகிறது. உரிமம் வாங்கும் நாளில் வாங்கி மாட்டுகிறார்கள். ஆய்வுக்கு வந்தவர் பார்த்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. வறண்ட உள்நாட்டு ஊரில் இப்படிக் கைவிடப்பட்ட சிலிண்டர் சில வருடம் தாக்குப்பிடிக்கலாம். மரக்காணம் மாதிரி ஓர் உப்பளக் கரையில் அதற்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பேரூராட்சி மரக்காணம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் கழுவெளியின் சதுப்பு நிலம்; இடையே பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி. சுற்றிலும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். அந்த நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறைக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்தவர்கள் உப்பு விளைவிக்கிறார்கள். யார் நிலம், யார் உழைப்பு, எது யார் செலவு என்ற கணக்கு தலைமுறைகளாகப் புழங்கும் ஊர் இது. வடகிழக்குப் பருவமழை வரும்போது பாத்திகள் கரைந்து வேலை நிற்கும். தை, மாசியில் மறுபடி தொடங்கும்.

இங்கே வாடகைக்கு விடப்படும் இடங்களும் ஒரே மாதிரி இல்லை. கடைத்தெருவில் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் மாடிக் கட்டடங்கள், தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் ஓட்டு வீடுகள், கீற்றுக் கொட்டகைகள், சாலையோரத்து ஓட்டல்கள், கல்யாண மண்டபம், சாக்கும் தார்ப்பாயும் அடுக்கிய கிடங்கு, வார இறுதியில் சென்னைக்காரர்களுக்கு விடப்படும் கடலோர வீடு. உப்பு எரியாது. அதைக் கட்டும் பிளாஸ்டிக் சாக்கும், மூடும் தார்ப்பாயும், உப்புக் குவியலைப் போர்த்தும் கீற்றும் எரியும்.

உப்புக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்பது கடலோரத்தில் கிரில் கதவு வைத்த எவருக்கும் தெரியும். அது எப்படிச் செய்கிறது என்பதில்தான் தீயணைப்பானின் ஆயுள் அடங்கியிருக்கிறது. அலை உடையும் இடத்தில் நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றுகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இவை மிக அடர்த்தி. உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அசையாமல் நிற்கும் உப்பளத் தண்ணீர் இந்தத் துளிகளை அவ்வளவாக எழுப்பாது. ஆனால் வெயிலில் காய்ந்த உப்புத் தூள் காற்றில் கிளம்பி வாசல்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் படியும்.

படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும். தமிழகக் கடற்கரையின் காலை நேரங்களில் அந்த அளவு சர்வசாதாரணம். கடல்நீரில் உள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது நண்பகல் வெயிலிலும் அது முழுதாகக் காயாது. பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் அடர்ந்திருப்பதும் இதே மக்னீசிய உப்புதான். இரும்பின் மேல் இந்த ஈரப்படலம் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க, அதிலுள்ள குளோரைடு பெயின்ட் கீறிய இடமாகப் பார்த்து உள்ளே இறங்குகிறது.

அரிப்பின் வேகத்தை அளக்க உலகத் தரநிலை ஒன்று உண்டு: ஐஎஸ்ஓ 9223. சி-1 என்ற சாதுவான உட்புறக் காற்றில் தொடங்கி, சி-5, அதற்கும் மேலே சிஎக்ஸ் என்று போகிறது. உப்பு மிகுந்த கடற்கரைக் காற்று வழக்கமாக சி-5 வகையில் விழும். அந்த வகையில் பூச்சு இல்லாத இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரைந்துபோகும். 200 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் வைக்கும் தீயணைப்பானின் உடல் தகடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். சிவப்புப் பூச்சு முழுதாக இருக்கும்வரை பயமில்லை. பூச்சு உரிந்த இடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. இந்த அறிவுக்குத் தமிழகத்திலேயே ஒரு வீடு இருக்கிறது: அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் வைத்துச் சோதித்த அந்த நிறுவனம், இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது.

கடலோரக் கட்டடத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த ஒரு சிலிண்டரைச் சுவரிலிருந்து இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் கதை தெரியும். முன்பக்கம் லேபிளோடு பளபளவென்று இருக்கும். அடிவளையத்துக்குள், வெல்டிங் ஓரமாகப் பழுப்புச் செதில்கள் கிளம்பியிருக்கும். விரலால் சுரண்டினால் உதிரும். சுவர்க் கொக்கி உரசும் இடத்தில் பெயின்ட் போய் ஒரு கோடு. ரப்பர் குழாய் வெடித்திருக்கும். சேஃப்டி பின் துளையோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரத்தில் இழுத்தால் வளையம் மட்டும் கையோடு வரும். வால்வின் வாஷர் இறுகி, உள்ளே அடைத்த நைட்ரஜன் சிறிது சிறிதாகக் கசிந்து, பிரஷர் கேஜின் முள் பச்சைப் பகுதியை விட்டுச் சிவப்புக்கு வந்திருக்கும். சில சமயம் அதைவிட ஏமாற்றுவது நடக்கும்: உப்பு படிந்து முள்ளே இறுகிவிட, காற்றில்லாத சிலிண்டரும் பச்சையைக் காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஈரம் புகுந்திருந்தால் பவுடர் கட்டி தட்டிப்போகும். கைப்பிடியை அழுத்தினால் காற்று மட்டும் சீறிவிட்டு நின்றுவிடும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. அடிப்பாகம் அரித்த சிலிண்டரில் அழுத்தம் மிச்சமிருந்தால், இயக்கும் நேரத்தில் அடித்தட்டு பிய்த்துக்கொண்டு, சிலிண்டரே மேலே கிளம்பி ஆளை அடித்துவிடும். அப்படி உயிர் போன விபத்துகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. துருவேறிய தீயணைப்பான் உதவாமல் போவதோடு நிற்பதில்லை, தொடுபவருக்கே ஆபத்தாகிறது.

கையில் தூக்கும் தீயணைப்பானின் முன்னோடி ஒன்று கடற்கரைக்காரர் ஒருவரிடமிருந்துதான் வந்தது. இங்கிலாந்தின் யார்மவுத் துறைமுகத்தில் ராணுவக் குடியிருப்பு அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வில்லியம் மேன்பி, கரையருகே மூழ்கும் கப்பலுக்குக் கயிறு எறியும் பீரங்கியை முதலில் செய்தார். பிறகு 1818 வாக்கில் பொட்டாசியம் கார்பனேட் கரைசலையும் அழுத்தக் காற்றையும் அடைத்த ஒரு கலத்தை உருவாக்கினார். அந்தக் கலம் செம்பால் ஆனது. இன்று விலை குறைந்த இரும்புத் தகட்டில் செய்கிறார்கள். துருவோடு மல்லுக்கட்டுவதும் அதோடு வந்தது.

சட்டம் எந்தக் கட்டடத்துக்கு என்ன கேட்கிறது? தமிழ்நாட்டில் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. பள்ளி, விடுதி, லாட்ஜ், கல்யாண மண்டபம் போன்றவற்றை 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் பார்க்கிறது. தாசில்தார் உரிமம் கொடுக்கிறார். 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தின்கீழ் தீயணைப்புத் துறையின் உரிமமும் தடையின்மைச் சான்றும் வருகின்றன. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்தது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும், அதற்குக் கட்டட உறுதிச் சான்றோடு தீயணைப்புத் துறைச் சான்றும் வேண்டும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களை உயர்மாடிக் கட்டடம் என்று பிரித்துக் கடுமையான தீப் பாதுகாப்பு கேட்கின்றன. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறி தன் நான்காம் பகுதி முழுவதையும் தீக்கு ஒதுக்கி, அறை வாடகைக்கு விடும் விடுதி, ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று இனம் பிரித்து எதற்கு எது தேவை என்று பட்டியல் தருகிறது.

இந்த வலையின் கண்கள் பெரியவை. மண்டபமும் லாட்ஜும் சிக்கும். கீழே டீக்கடையும் மேலே இரண்டு குடித்தனமுமான கட்டடம் நழுவிவிடும். அங்கே வீட்டுக்காரரிடம் வந்து கேட்க ஆளில்லை. வாடகைச் சட்டம் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் அது நகர்ப்புறங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேரூராட்சி எல்லையைத் தாண்டி மீனவக் குப்பங்களுக்குப் போனால் வாய்ப்பேச்சும் அட்வான்ஸ் பணமுமே ஒப்பந்தம்.

மேல் உரிமம், கீழ் நடப்பு, இடையில் யாருக்கும் சொந்தமில்லாத பொறுப்பு: இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மதுரை காட்டியது. 2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கட்ராபாளையத்தில் தனியார் மகளிர் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். புகையில் சிக்கி ஆசிரியைகள் இருவர் இறந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கட்டடம் பழுதடைந்தது, இடிக்க வேண்டும் என்று மாநகராட்சி அதற்கு முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. கட்டடத்துக்கு உரிமையாளர் ஒருவர், அதில் விடுதி நடத்தியவர் வேறொருவர். தீ விபத்துக்குப் பிறகே இடிக்கும் வேலை தொடங்கியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் சான்றுகளின் அருமை, மாநிலம் முழுவதும் விடுதிகளில் ஆய்வு நடந்த அந்த வாரங்களில்தான் பலருக்கும் உறைத்தது.

அதே ஆண்டு ஜூன் 12-இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் எரிந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வாடகைக்கு எடுத்த கட்டடம் அது; 190-க்கு மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள். தரைத்தளத்தில் காவலாளி அறையருகே மின்கசிவில் கிளம்பிய தீ, உறங்கிக்கொண்டிருந்தவர்களைப் புகையால் கொன்றது. இறந்த ஏறக்குறைய ஐம்பது பேரில் 45-க்கும் குறையாதவர்கள் இந்தியர்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கட்டடத்தின் சொந்தக்காரரைக் கைது செய்ய அன்றைக்கே உத்தரவிட்டது குவைத் அரசு.

உரிமையாளருக்கும் உள்ளே இருப்பவருக்கும் பொறுப்பை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் ஒருமுறை எண்ணிக்கையாகவே எழுதியிருக்கிறது. 1997 ஜூன் 13-இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ கிளம்பியது திரையரங்கின் சாதனத்திலிருந்து அல்ல. அந்தக் கட்டடத்துக்குள் மின்வாரியம் வைத்திருந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து. ஆனால் வெளியேறும் வழியை அடைத்திருந்தது திரையரங்கு. 2011-இல் இழப்பீட்டு வழக்கில் நீதிமன்றம் 85 சதவீதத்தைத் திரையரங்கு நடத்தியவர்கள் மீதும் 15 சதவீதத்தை மின்வாரியத்தின் மீதும் வைத்தது. தீப்பொறி யாருடையது என்பதைவிட, மக்கள் தப்பிக்க வழி யார் கையில் இருந்தது என்பதே அங்கு எடை போட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தீயையோ எரியும் பொருளையோ அலட்சியமாகக் கையாள்வது 287-ஆம் பிரிவின்கீழ் குற்றம். அலட்சியத்தால் மரணம் விளைந்தால் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. இந்தப் பிரிவுகள் உரிமையாளர், வாடகைதாரர் என்று ஆள் பிரிப்பதில்லை.

பராமரிப்பு எப்படிக் கைநழுவும் என்பதற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் தெளிவான ஆவணம். உள்ளாட்சிக்குச் சொந்தமான, வாடகைக்கு விடப்பட்ட 24 மாடிக் கட்டடம். அதன் தீயணைப்பான்களைப் பற்றி 2012-இல் எழுதப்பட்ட தீ அபாய ஆய்வறிக்கையில், சோதனைத் தேதி கடந்தவை இருப்பதாகவும், சிலவற்றின் மேல் கழித்துக்கட்டியது என்று கொட்டை எழுத்தில் எழுதியும் அவை அங்கேயே தொங்குவதாகவும் குறிப்பு இருந்தது. 2017 ஜூன் 14-இல் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் கிளம்பிய தீ வெளிச்சுவரின் பூச்சுப் பலகைகளைப் பற்றி ஏறி 72 பேரைக் கொன்றது. அந்த உயிர்களைத் தீயணைப்பான் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது, கொன்றது பலகைகள். ஆனால் சிலிண்டர் மேலிருந்த அந்த எழுத்தைப் பார்த்தும் யாரும் அதை இறக்காத நிர்வாகம்தான் மற்றதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்துச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை, கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்குப் பொறுப்பாளி என்று ஒரு நபரைக் குறிக்கச் சொல்கிறது. 2015-இலிருந்து வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிப்பான் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. குடித்தனம் தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்றும் அவரே பார்க்க வேண்டும். ஒரே குடும்பம் இருக்கும் சாதாரண வாடகை வீட்டில் தீயணைப்பானைக் கட்டாயமாக்கவில்லை. பயிற்சியில்லாதவர் தீயோடு நின்று போராடுவதைவிட, முன்னால் விழித்து வெளியேறுவது நல்லது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. மதுரையிலும் மங்காஃபிலும் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட முடியாது. சில நூறு ரூபாய் பேட்டரி எச்சரிப்பான் மரக்காணத்துக் கடைவீட்டு மாடிப்படியில் தொங்கினால், அது சிலிண்டருக்கு முந்திக்கொண்டு வேலை செய்யும்.

அப்படியானால் சிலிண்டர் எதற்கு? தீ பிறந்த முதல் நிமிடத்துக்கு. நாலு கிலோ அல்லது ஆறு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் பத்துப் பதினைந்து வினாடிதான் பீய்ச்சும். குப்பைக்கூடை, மெத்தை மூலை, கொட்டிய மண்ணெண்ணெய், ஸ்விட்ச் போர்டு என்ற அளவில் இருக்கும் தீக்கு அது போதும். ஏபிசி என்பது மரம், துணி, காகிதம் போன்ற திடப்பொருள், எரியும் திரவம், எரியும் வாயு ஆகிய மூன்று வகைத் தீயைக் குறிக்கும் எழுத்துகள். உள்ளே இருப்பது பெரும்பாலும் மோனோ அமோனியம் பாஸ்பேட். மின்சாரத் தீயிலும் அடிக்கலாம். ஆனால் முடிந்ததும் துடைத்துக் கழுவாவிட்டால் அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து மின்கருவிகளை அரிக்கும், கடற்கரையில் இன்னும் விரைவாக. மின்பலகைக்குக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் சுத்தமானது. சின்ன அறைக்குள் அடித்துவிட்டு அங்கேயே நின்றால் மூச்சு முட்டும்.

உதவாத இடங்களும் உண்டு. பஜ்ஜிக் கடையின் வாணலி எண்ணெய் பற்றினால் பவுடர் சுவாலையை அமுக்கும், கொதிக்கும் எண்ணெயைக் குளிர்விக்காது, மறுபடி பற்றும். அதற்கென்று ஈர ரசாயன வகை தனியாக இருக்கிறது. கடைகளில் அதைப் பார்ப்பது அரிது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதே முதல் வேலை. எரிவாயு சிலிண்டரில் கசிவு எரிந்தால், வாயுவை அடைக்காமல் தீயை மட்டும் அணைப்பது ஆபத்து. வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். கீற்றுக் கூரை பற்றிவிட்டால் பவுடர் வெறும் புகை மூட்டம். தண்ணீரும் ஓட்டமும்தான் வழி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகளைப் பலி வாங்கிய பள்ளித் தீ, சமையலறையிலிருந்து கீற்றுக் கூரைக்கு ஏற எடுத்துக்கொண்ட நேரம் மிகக் குறைவு. மின்ஸ்கூட்டர் பேட்டரி இன்னொரு தலைவலி. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட வண்டி எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரிக்குள் எரியும் வெப்பத்தைப் பவுடர் தணிக்காது. மாடிப்படிக்கு அடியில், வெளியேறும் ஒரே வழியில் வண்டியை சார்ஜ் போட விடக்கூடாது என்ற ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அது பல சிலிண்டர்களுக்குச் சமம்.

வேடிக்கையான ஒரு விலக்கும் உண்டு. மக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள் எரிந்தால் தண்ணீரும் சாதாரண பவுடரும் தீயை வளர்த்துவிடும். அந்த டி வகைத் தீக்கான தீயணைப்பான்களில் ஒரு வகையில் அடைப்பது, கட்டி பிடிக்காமல் பதப்படுத்திய சாதாரண உப்பு. மரக்காணத்துப் பாத்தியில் வாரும் அதே சோடியம் குளோரைடு.

பராமரிப்புக்கு இந்தியாவில் தெளிவான கையேடு இருக்கிறது. தீயணைப்பான் எப்படித் தயாரிக்கப்பட வேண்டும் என்பதை ஐஎஸ் 15683 தரநிலை சொல்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையோடு அந்த எண்ணும் சிலிண்டரில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு எங்கே வைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஐஎஸ் 2190. தீப்பிடிக்கக்கூடிய எந்த இடத்திலிருந்தும் சுமார் பதினைந்து மீட்டர் நடைக்குள் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது வீண். தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. வாசலுக்குப் போகும் வழியில், பின்னால் தப்பும் பாதையோடு, கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கண்ணால் பார்ப்பது, ஆண்டுக்கொருமுறை தேர்ந்தவரிடம் சர்வீஸ். தண்ணீர், நுரை, பவுடர் வகை சிலிண்டர்களுக்கு மூன்று ஆண்டுக்கொருமுறை நீரழுத்தச் சோதனை. கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஐந்து ஆண்டு. பவுடர் சிலிண்டரின் ஆயுள் பத்து ஆண்டு, கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதினைந்து. கார்பன் டை ஆக்ஸைடில் கேஜ் கிடையாது. எடை பார்த்துத்தான் தெரியும், பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ரீஃபில்.

சோதனை அட்டையில் ஏமாறுவது எளிது. சிலிண்டரைத் திறக்காமலே துணியால் துடைத்து, புதுத் தேதியிட்ட டேக்கைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உரிமையாளர் கேட்க வேண்டியது சில: பழைய பவுடரைக் கொட்டிக் காட்டினார்களா, உள்பக்கத்தை விளக்கடித்துப் பார்த்தார்களா, நீரழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் உடலில் பதிந்திருக்கிறதா, வாஷர் மாற்றினார்களா. உப்புக் கரையில் இதோடு இன்னும் சில சேரும். மொட்டை மாடியிலும் திறந்த வராந்தாவிலும் மாட்டாமல் கண்ணாடிக் கதவுள்ள பெட்டிக்குள் வைப்பது; தரையில் வைக்காமல் தொங்கவிடுவது, ஈரம் அடிவளையத்தில்தான் தங்கும்; மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, கீறலில் பெயின்ட் தொட்டுவைப்பது. ஆண்டு சர்வீஸுக்குக் காத்திராமல் ஆறு மாதத்துக்கொருமுறை கவிழ்த்துப் பார்ப்பது. துரு தகட்டில் குழி விழுந்த அளவுக்குப் போயிருந்தால், பத்து ஆண்டு முடியவில்லை என்று சமாதானம் சொல்லாமல் கழித்துவிடுவது.

இதெல்லாம் யார் செலவு? சண்டை வராமல் பிரிக்க முடியும். கட்டடத்தோடு நிற்கும் பொருளும் ஆயுள் முடிந்ததும் மாற்றுவதும் நீரழுத்தச் சோதனையும் ஆண்டு சர்வீஸும் உரிமையாளருடையவை. மின்கம்பியை வாடகைச் சட்டத்தின் அட்டவணை அவர் பக்கம் வைத்திருப்பதற்கான அதே நியாயம் இதற்கும் பொருந்தும். மாதாமாதம் கேஜைப் பார்ப்பது, துடைப்பது, வழியை மறைக்காமல் வைப்பது, குறை கண்டால் எழுத்தில் சொல்வது குடியிருப்பவர் வேலை. நிஜத் தீக்குப் பயன்படுத்தினால் ரீஃபில் உரிமையாளர் செலவு. விளையாட்டாகப் பின்னை இழுத்துவிட்டால் இழுத்தவர் செலவு. தன் பங்கு வேலையை உரிமையாளர் செய்ய மறுத்தால், வாடகைதாரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்பது அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் வழி. அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தால் தீயணைப்பானுக்கும் அது பொருந்திவிடும். அதுவரை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நாள் குறிப்பதும் கடினமில்லை. தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குப் போடப்படுகின்றன. ஆண்டு சர்வீஸுக்கு அதைவிடப் பொருத்தமான தவணை தேடத் தேவையில்லை. புதுப்பிக்கும் நாளில் சிலிண்டரை இறக்கி, இருவருமாகக் கேஜையும் அடிவளையத்தையும் பார்த்து, தயாரித்த ஆண்டு, கடைசி அழுத்தச் சோதனை, அடுத்த சர்வீஸ் தேதி மூன்றையும் ஒப்பந்தத்தின் இணைப்புப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வாடகை அதிகாரியிடம் பதியும் தாள்களோடு சேர்த்துவிடலாம். இடையில் வரும் ஆறு மாதப் பார்வையை, உப்பள வேலை முடிந்து மழை தொடங்குவதற்கு முந்தைய புரட்டாசியில் வைத்துக்கொண்டால், ஈரம் உச்சத்தில் இருக்கும் மாதங்களுக்குள் சிலிண்டர் துடைத்து, பெயின்ட் தொட்டு, பெட்டிக்குள் போயிருக்கும்.